இருக்கை இலவசம்: பாரிஸின் லுக்சம்பூர் பூங்கா

பாரிஸில் உட்காருவதற்குப் பெரும்பாலும் ஒரு விலை உண்டு. கஃபே வாசலில் போட்டிருக்கும் நாற்காலியில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஒரு சிறு கோப்பைக் காப்பியாவது வாங்க வேண்டும். அதே காப்பியைக் கடைக்குள் பரிமாறும் மேடையோரம் நின்றபடி குடித்தால் பல கடைகளில் விலை குறையும். வாடிக்கையாளர் கொடுக்கும் காசில் ஒரு பங்கு காப்பிக்கும் மறு பங்கு நாற்காலிக்கும் போகிறது என்பது அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படிப்பட்ட ஊரின் நடுவே, யாரும் எதுவும் கேட்காமல், விரும்பிய நாற்காலியை எடுத்து, விரும்பிய திசையில் திருப்பிப் போட்டு, விரும்பும் நேரம் வரை அமர்ந்திருக்க இடம் தருவதுதான் லுக்சம்பூர் பூங்காவின் தலையாய சேவை. சிலைகளையும் நீரூற்றுகளையும் அரண்மனையையும் பற்றி வழிகாட்டி நூல்கள் எவ்வளவோ சொல்கின்றன. ஓய்வுப்பொழுதைக் கழிக்கப் போகிறவரின் கண்ணோடு பார்த்தால், இந்தப் பூங்காவை அதன் நாற்காலிகளைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

பூங்கா பாரிஸின் ஆறாம் வட்டாரத்தில், ஏறத்தாழ 23 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் விதவையான மரி தெ மெதிசி, லுக்சம்பூர் பிரபுவுக்கு உரியதாயிருந்த மாளிகையையும் நிலத்தையும் 1612இல் வாங்கி, தாம் பிறந்த புளோரன்ஸ் நகரத்து அரண்மனையின் சாயலில் இங்கே ஓர் அரண்மனையை எழுப்பச் செய்தார். இன்று அந்தக் கட்டடத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் இயங்குகிறது. பூங்காவும் மாநகராட்சியிடம் இல்லை, செனட்டிடமே இருக்கிறது. தோட்டக்காரர்கள், காவலர்கள், விதிகள் என எல்லாம் செனட்டின் பொறுப்பு. மலர்ப்பாத்திகள் பருவத்துக்குப் பருவம் முற்றிலும் மாற்றி நடப்படுவதற்கும், பாதைகளில் குப்பை அரிதாக இருப்பதற்கும், காவலர்களின் கண்டிப்புக்கும் இந்த உடைமையே காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி நாற்காலிக்கு வருவோம். கரும்பச்சை வண்ணம் பூசிய உலோக நாற்காலி; அடியில் பட்டை பட்டையாக இடைவெளி விட்ட இருக்கை; 1923இல் பாரிஸ் மாநகரத்தின் பட்டறையில் உருவான வடிவம் என்பர். இதை இன்று ஃபெர்மோப் என்ற பிரெஞ்சு நிறுவனம் தயாரிக்கிறது. அதே வடிவத்தை ஒட்டிப் பல வண்ணங்களில் செய்து வீட்டு உபயோகத்துக்கும் விற்கிறது. பூங்காவில் மூன்று வகைகள் கிடைக்கின்றன: கைப்பிடி இல்லாதது, கைப்பிடி உள்ளது, தாழ்வான சாய்வு நாற்காலி. மூன்றுக்கும் உரிய வேலை வேறு வேறு. சாப்பிடவும் சதுரங்கம் ஆடவும் கைப்பிடி இல்லாதது. புத்தகம் படிக்கக் கைப்பிடி உள்ளது. வெயில் காயவும் கண்ணயரவும் சாய்வு நாற்காலி. வெயில் எட்டிப் பார்க்கும் ஏப்ரல் நாள்களில் முதலில் மறைந்துபோவது இந்தச் சாய்வு நாற்காலிதான். அனுபவசாலிகள் இரண்டாக எடுத்து, ஒன்றில் சாய்ந்து, மற்றொன்றில் காலை நீட்டிக்கொள்கிறார்கள். கூட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் இது நியாயமில்லாத காரியம் என்றாலும், யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் காலை எடுத்துவிட்டு நாற்காலியைத் தந்துவிடுகிறார்கள்.

இந்த இருக்கை எப்போதும் இலவசமாக இருக்கவில்லை. 1974 வரை இங்கே நாற்காலிக்கு வாடகை இருந்தது. அதை வசூலிப்பதற்கென்றே பெண்கள் சீட்டுக் கட்டுடன் பாதைகளில் சுற்றிவந்தார்கள். அமர்ந்தவரிடம் காசு வாங்கிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவர்களது வேலை. காசில்லாதவர்களுக்கு நிலையான கல், மர இருக்கைகள்தான். அந்த வழக்கம் ஒழிந்ததால், மாணவரும் முதியவரும் குழந்தையை உறங்கவைக்க வந்த தாயும் செனட் உறுப்பினரும் இன்று ஒரே விதமான நாற்காலியில்தான் அமர்கிறார்கள். தரையில் பிணைத்த நீண்ட இருக்கைகள் எத்தனை அழகாக இருந்தாலும், அவை மனிதர்களை வரிசையாக உட்கார வைக்கின்றன. அருகில் அமர்ந்தவர் யார் என்பதை இருக்கையே முடிவுசெய்துவிடுகிறது. நகர்த்தக்கூடிய நாற்காலியோ அந்த முடிவை அமர்பவரிடம் விடுகிறது. தனிமை வேண்டுவோர் மரத்தடிக்கு இழுத்துப் போகலாம். ஆறு பேர் கொண்ட குடும்பம் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். சண்டையிட்ட காதலர்கள் எதிரெதிர்த் திசை பார்த்து அமர்ந்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

நாற்காலியை எங்கே போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. பூங்காவின் சுவையே இதில்தான் இருக்கிறது. முதன்முறை வருவோர் எண்கோண வடிவிலான பெரிய குளத்தின் ஓரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் தவறில்லை. ஒரு பக்கம் அரண்மனை, சுற்றி உயர்ந்த மேடையில் பிரான்ஸின் அரசியரும் புகழ்பெற்ற பெண்களும் வரிசையாகக் கல்லில் நிற்கிறார்கள், வெயில் தாராளம். ஆனால் கூட்டமும் தாராளம். நிழலை விரும்புவோருக்கு அரண்மனையின் கிழக்கே உள்ள மெதிசி நீரூற்று ஏற்றது. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் புதிய வீதிக்கு வழிவிடுவதற்காகச் சற்றுத் தள்ளி இடம் மாற்றப்பட்ட நீரூற்று இது. அதன் முன்னே நீண்ட, ஒடுங்கிய நீர்த்தொட்டி. இரு மருங்கிலும் உயர்ந்த மரங்கள். மரத்துக்கு மரம் தோரணம்போல் இழுத்துக் கட்டப்பட்ட பச்சைக் கொடிகள். தொட்டியின் தொலைவு முனையில் நின்று பார்த்தால், தோரணங்களின் அமைப்பால் நீர்ப்பரப்பே சாய்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். கோடையின் கடும் வெயிலிலும் இங்கே குளிர்ச்சி மாறுவதில்லை. பாரிஸில் நண்பகலில் புத்தகம் படிக்க இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

வெப்பநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மேற்குப் பக்கமுள்ள ஒரான்ஜரி தனி ஈர்ப்பு. 1839இல் கட்டப்பட்ட இந்தக் கூடம், குளிர் தாங்காத செடிகளுக்கான குளிர்கால விடுதி. பெரிய மரப்பெட்டிகளில் வளர்க்கப்படும் நார்த்தை இனத்துக் கசப்பு ஆரஞ்சுகளும், பேரீச்சைகளும், அரளியும், மாதுளையும் இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை உள்ளே தங்கி, மே மாத வாக்கில் வெளியே வந்து பாதையோரங்களில் நிற்கின்றன. அந்த ஆரஞ்சு மரங்களுள் சிலவற்றுக்கு வயது இரு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. நம் ஊரில் வேலியோரம் கேட்பாரற்றுப் பூக்கும் அரளியை இங்கே பெட்டியில் வைத்து, வண்டியில் ஏற்றி, உள்ளும் வெளியுமாகச் சுமக்கிறார்கள். கூடத்தின் தென்முகச் சுவர் வெயிலை வாங்கிக்கொள்வதால், அக்டோபர் மாதத்துக் குளிரிலும் அதன் முன்னே சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு அமரலாம். உள்ளூர் முதியவர்கள் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அருகிலேயே சதுரங்க மேசைகள். ஆடுவோரைவிடச் சுற்றி நின்று யோசனை சொல்வோர் அதிகம்; ஆட்ட நேரத்தை அளக்கும் மணிக்கூட்டை ஓங்கி அடிக்கும் வேக ஆட்டக்காரர்களிடம் அறிமுகமில்லாமல் அமர்ந்தால் சில நிமிடங்களில் எழ வேண்டியிருக்கும்.

தென்மேற்கு மூலையில் பழத்தோட்டம் இருக்கிறது; பெரும்பாலோர் அதுவரை வருவதில்லை. முன்னொரு காலத்தில் இந்தப் பக்கம் வாழ்ந்த கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் நாற்றங்கால் மரபைத் தொடர்ந்து, நூற்றுக்கணக்கான பழைய ஆப்பிள், பேரி வகைகளை இங்கே காக்கிறார்கள். கிளைகளைச் சிறு வயதிலேயே வளைத்துக் கட்டி, சுவரில் வரைந்த கோலத்தைப் போலத் தட்டையாக வளர்க்கும் கலை இது. காய் பிடித்த பின் ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டிப் பூச்சியிடமிருந்து காக்கிறார்கள். பக்கத்தில் 1856இல் தொடங்கிய தேனீ வளர்ப்புப் பள்ளி. சிறு குடில்களாக அமைத்த தேன்பெட்டிகளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

குழந்தைகளுடன் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை: நுழைவுக் கட்டணம் இல்லை என்பதற்காகப் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. பெரியவர்களின் இன்பம் இங்கே இலவசம். குழந்தைகளின் இன்பம் பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியது. வேலியிட்ட விளையாட்டுத் திடல், மட்டக்குதிரைச் சவாரி, ராட்டினம், பொம்மலாட்டம், படகு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. இவற்றுள் காசுக்கு முழு மதிப்புத் தருவது பொம்மைப் படகு என்பேன். 1920களிலிருந்து தொடரும் இந்த வழக்கத்தில், மரத்தால் செய்த பாய்மரப் படகையும் நீண்ட கோலையும் அரை மணி நேரத்துக்கு வாடகைக்குத் தருகிறார்கள். இயந்திரம் இல்லை, தொலைவிலிருந்து இயக்கும் கருவியும் இல்லை. குழந்தை கோலால் தள்ளிவிட, காற்று அதைக் குளத்தின் மறுகரைக்குக் கொண்டுபோகிறது. எந்தக் கரை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், குழந்தை குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. பெற்றோர் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை.

ராட்டினம் பழையது, 1879இல் நிறுவப்பட்டது. அதன் குதிரைகளை வரைந்தவர் பாரிஸ் ஒபரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே என்பார்கள். வெளி வட்டத்துக் குதிரையில் ஏறும் பிள்ளைகளிடம் ஒரு சிறு கோல் தரப்படும். ஒவ்வொரு சுற்றிலும் பணியாளர் நீட்டும் உலோக வளையத்தைக் கோலில் கோத்துச் சேர்க்க வேண்டும். வேகம் அதிகமில்லை. ஒளியும் இசையும் நிறைந்த புதிய ராட்டினங்களுக்குப் பழகிய குழந்தைக்கு முதலில் சலிப்புத் தட்டலாம். முதல் வளையம் கோலில் விழும் வரைதான் அந்தச் சலிப்பு. பொம்மலாட்ட அரங்கு 1933இல் தொடங்கியது. கூரையுள்ள அரங்கு என்பதால் மழைநாளுக்கு உகந்தது. லியோன் நகரத்தில் பிறந்த கிஞோல் என்ற பொம்மைதான் இங்கும் நாயகன். திருடன் பின்னால் நிற்கிறான் என்று அரங்கம் முழுவதும் கத்தி அவனை எச்சரிப்பது குழந்தைகளின் பங்கு. ஆட்டம் முழுதும் பிரெஞ்சில். மொழி தெரியாத சிறுவர்கள் கதையைத் தொடர்ந்துவிடுகிறார்கள். உடன் வந்த பெரியவர்களுக்குத்தான் கடினம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான புல்வெளிகளில் கால் வைக்க அனுமதியில்லை. அனுமதி உள்ள சிறு பகுதி தெற்கே இருக்கிறது, வெயில் நாளில் அங்கே விரிப்பு விரிக்க இடம் கிடைப்பது அரிது. புல்லில் புரளவும் பந்து உதைக்கவும் நினைப்போர் நகரின் வடகிழக்கிலுள்ள புத்-ஷொமோன் பூங்காவுக்குப் போவது நல்லது. மிதிவண்டிக்கும் இடமில்லை, நாய்களுக்குக் குறிப்பிட்ட பாதைகள் மட்டுமே. உள்ளே உள்ள சிற்றுண்டிக் கடைகளின் விலை, இடத்துக்கான விலை. சுவைக்கான விலை அன்று. வெளியே ஏதேனும் ஒரு பேக்கரியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்த பகெத் என்ற நீண்ட ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால், நாற்காலியில் அமர்ந்து உண்பதை யாரும் தடுப்பதில்லை. மழை விட்டபின் இருக்கைகள் நனைந்திருக்கும்; கையில் ஒரு துணி இருந்தால் மற்றவர்கள் தயங்கி நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் பூங்காவே உங்களுடையது. குளிர்காலத்தில் உலோகம் எலும்பு வரை குளிரும் என்பதால், மெத்தை ஒன்றைக் கையோடு கொண்டுவரும் முதியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது மூடும் நேரம். வாயில்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன: கோடையில் இரவு ஒன்பதரை மணி வரைகூடத் திறந்திருக்கும், டிசம்பரில் மாலை நான்கரைக்கே மூடிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் குளிர்கால வாரநாள்களில் இந்தப் பூங்கா இல்லாததற்குச் சமம். மூடும் நேரம் நெருங்கும்போது காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே பாதைகளில் நடந்துவருவார்கள். தாமதிப்பவர்களிடம் சிரிப்பு எதிர்பார்க்கக் கூடாது. ஆயினும், அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் இத்தனை ஆண்டுகள் பூங்காவிலேயே தங்கியிருக்குமா என்பது ஐயமே.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குச் சாமான் வாங்கப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெகு அருகில். அதற்கு அருகிலுள்ள கார் து நோர் ரயில் நிலையத்தில் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் தடத்தில் தெற்கு நோக்கி ஏறினால், மூன்றாவது நிறுத்தம் லுக்சம்பூர்; வெளியே வந்தால் பூங்காவின் கம்பி வேலி எதிரே தெரியும். கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு வாரநாள் காலையே சிறந்தது. வாத்திய மேடையில் இலவசமாக நடக்கும் இசைக் கச்சேரிகளைக் கேட்க வேண்டுமானால், வெயில் காலத்தின் வார இறுதிகளில் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நேரம் தப்பி வந்து பூட்டிய வாயிலைக் கண்டவர்கள் உடனே திரும்ப வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு முதல் பூங்காவின் வெளிவேலிக் கம்பிகளில் பெரிய அளவிலான புகைப்படக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன; நடைபாதையில் நடந்தபடியே பார்க்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை, உட்கார நாற்காலியும் இல்லை.