விலை வரும் வரைக்கும் கிடக்கட்டும்: என் ஐந்து வருட ஸ்விங் டிரேடிங்

2020 டிசம்பரில் பங்கு வாங்கி வைப்பதற்கான டீமேட் கணக்கு திறந்தேன், ஐந்து வருடம் ஓடிவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிற வேலை, குடியிருப்பது ஊத்துக்குளி. அப்பா இன்னமும் மொடக்குறிச்சிப் பக்கம் தோட்டத்தில் மஞ்சள் போடுகிறார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஸ்விங் டிரேடிங்கில் நான் விட்ட பணத்தில் பெரும்பகுதி மஞ்சள் குடோனிலிருந்து கூடவே வந்த ஒரு பழக்கத்தால்தான் போனது. சார்ட், அதாவது விலை ஏறி இறங்கும் படத்தை, படிக்கத் தெரியாமல் போனது அதில் கொஞ்சம்தான்.

ஸ்விங் என்றால் பங்கை வாங்கிச் சில நாளோ சில வாரமோ வைத்திருந்து, ஒரு ஏற்றத்தில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வருவது. அன்றே வாங்கி அன்றே விற்கிற இன்ட்ராடே போல 9.15 முதல் 3.30 வரை போனையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதால்தான் என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு வருகிறோம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். எஃப் அண்ட் ஓ எனும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம் இன்னும் மோசம், 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுக் கணக்கில் 93 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். அந்த இரண்டு பக்கமும் நான் போகவில்லை, இனியும் போகமாட்டேன்.

தொடங்கிய நேரம் அப்படி. 2020 மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கிய நிஃப்டி (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு), நான் உள்ளே வந்தபோது பதின்மூன்றாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டு இருந்தது. எதை வாங்கினாலும் ஏறியது. முதல் நான்கு மாதத்தில் 9,000 ரூபாய் லாபம், எனக்கு இது வந்துவிட்டது என்றே நம்பினேன். அந்தத் தைரியத்தில் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டிப் போனேன். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். ஹெட் அண்ட் ஷோல்டர், கப் அண்ட் ஹேண்டில், ஃபிளாக் என்று சார்ட்டில் விழும் வடிவங்களை வரிசையாகக் காட்டினார்கள், எல்லாமே முடிந்துபோன சார்ட், எல்லாமே வேலை செய்த சார்ட். வேலை செய்யாமல் போன ஒன்றைக்கூடக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பாடம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு நேரடி விலையை வைத்து டிப்ஸ் கொடுப்பதைத் தடுக்க, கடைசி மூன்று மாத விலையைக் காட்டக்கூடாது என்று செபி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. அது நல்லது. ஆனால் பழைய சார்ட்டில் தோற்றதையும் சேர்த்துக் காட்டு என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அதை நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சார்ட் படிக்க வந்தது வேறு விதத்தில். எங்கள் கம்பெனியில் டி-சர்ட் மடிக்கும்போது உள்ளே வைக்கிற வெள்ளை அட்டை இருக்கிறதே, அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏதோ ஒரு பங்கின் இரண்டு வருடத் தினசரி சார்ட்டை லேப்டாப்பில் திறந்து, வலது பாதியை அந்த அட்டையால் மறைத்துக்கொள்வேன். ஒரு நாள் விலையைக் காட்டும் ஒவ்வொரு கேண்டிலாக அட்டையை நகர்த்த வேண்டும், நகர்த்துவதற்கு முன்னால் வாங்குவேனா மாட்டேனா, வாங்கினால் எங்கே வெளியே வருவேன் என்று நோட்டில் எழுத வேண்டும். டிரேடிங்வியூ தளத்தில் பழைய சார்ட்டை இப்படி ஓட்டிப் பார்க்கும் ரீப்ளே வசதி இருக்கிறது, ஆனால் அட்டையைக் கையால் தள்ளும்போது அவசரம் வருவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஏழெட்டு மாதத்தில் நூற்றுக்கு மேல் பார்த்திருப்பேன். பழைய உச்சத்தை உடைத்து மேலே போகிற பிரேக்அவுட்டில் எத்தனை இரண்டே நாளில் திரும்பக் கீழே விழுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, இல்லாமல் உடைப்பதை நம்பக்கூடாது, வால்யூமோடு உடைத்தாலும் பாதியைத்தான் நம்பலாம்.

சார்ட்டின் மேல் போடுகிற கணக்குக் கோடுகளான இண்டிகேட்டர் விஷயம் சுருக்கமாக. ஒரு கட்டத்தில் ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, போலிங்கர் பேண்ட், சூப்பர் டிரெண்ட் எல்லாம் போட்டு என் சார்ட் சிக்கு விழுந்த நூல் மாதிரி இருந்தது. எல்லாமே ஒரே விலையிலிருந்து கணக்குப் போட்டு வருபவைதான், அதனால் நாலும் ஒன்றாகச் சரி என்று சொன்னால் நாலு சாட்சி கிடைத்ததாக அர்த்தமில்லை. ஆர்எஸ்ஐயை வெல்ஸ் வைல்டர் 1978-ல் கொடுத்தார், பதினான்கு நாள் கணக்கு, 70-க்கு மேல் போனால் அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று பாடம். அதைப் படித்துவிட்டு 70 வந்ததும் விற்றேன், விற்ற பிறகு ஒரு மாதம் அந்தப் பங்கு 70-க்கு மேலேயே நின்று ஏறிக்கொண்டு இருந்தது. நல்ல ஏற்றத்தில் ஆர்எஸ்ஐ அப்படித்தான் இருக்கும். இப்போது என் சார்ட்டில் 20 நாள், 50 நாள் ஈஎம்ஏ எனும் சராசரி விலைக் கோடுகள், கீழே வால்யூம், அவ்வளவுதான். முதலில் வாராந்திரச் சார்ட்டைப் பார்ப்பேன், அது ஏறுமுகமாக இருந்தால் மட்டும் தினசரிக்கு வருவேன், 20 நாள் கோட்டுப் பக்கம் இறங்கி வந்து மறுபடி நிமிர்கிறதா என்று காத்திருப்பேன்.

சரி, அந்தக் குடோன் பழக்கத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபரில் ஒரு கெமிக்கல் பங்கை 640 ரூபாய்க்கு 75 வாங்கினேன். 610-ல் வெளியே வருவதாக மனதில் ஒரு எண்ணம், எங்கேயும் எழுதவில்லை. 610 வந்தது, விற்கவில்லை. 540 வந்தபோது இன்னும் 50 வாங்கி ஆவரேஜ் செய்தேன், அதாவது சராசரி வாங்கிய விலையைக் குறைத்தேன். மொத்தம் 75,000 ரூபாய் உள்ளே, என் முதலே அப்போது இரண்டு லட்சம்தான். அடுத்த எட்டு மாதம் அந்தப் பங்கைத் திறந்து பார்க்கவே பயந்தேன். கடைசியில் 2022 ஜூனில் 312-க்கு விற்று 36,000 ரூபாய் போனது.

அந்த எட்டு மாதமும் என் மனதில் ஓடியது அப்பாவின் குரல்தான். "அது அழுகிப் போற சரக்கா கண்ணு? கெடக்கட்டும், வெல வரும்." மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு குடோனில் அடுக்கிவிட்டால் இரண்டு மூன்று வருடம்கூட வைக்கலாம். 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது அப்பா இருபதாயிரம் வரும் என்று நாற்பது மூட்டையை வைத்திருந்தார். 2012-ல் ஐயாயிரத்துக்கும் கீழே வந்தது, என் அக்கா கல்யாணச் செலவுக்கு அந்த விலைக்கே போட வேண்டியதாயிற்று. அதே அப்பா 2020-ல் போட்ட சரக்கை 2023 ஏற்றத்தில் நல்ல விலைக்கு விற்றார், அதனால் அவர் பழக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் விலை எவ்வளவு விழுந்தாலும் குழம்பு வைக்கிறவர்கள் இருக்கும் வரை அதற்கு ஒரு தேவை இருக்கிறது, அடுத்த வருடம் பரப்பு குறைந்தால் விலை திரும்புகிறது. ஒரு கம்பெனிப் பங்குக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அதுவும் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்றுகூடப் படிக்காமல் சார்ட்டை மட்டும் பார்த்து வாங்கியவனுக்கு, சார்ட் உடைந்த பிறகு அதை வைத்திருக்க ஒரு காரணமும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் நோட்டில் கோடு போட்டேன். வாங்கும் விலை, வெளியேறும் விலை, எத்தனை பங்கு, மூன்றையும் எழுதாமல் ஆர்டர் போடுவதில்லை. எத்தனை பங்கு என்பதுதான் இதில் பெரிய விஷயம், வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இரண்டு லட்சம் முதலீட்டில் ஒரு டிரேடுக்கு அதிகபட்சம் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய் போகலாம் என்று வைத்துக்கொள்கிறேன். பங்கு 420, வெளியேறும் விலை 400, வித்தியாசம் 20 ரூபாய், 2,000-ஐ இருபதால் வகுத்தால் 100 பங்கு. வித்தியாசம் 40 ரூபாயாக இருந்தால் 50 பங்குதான். இந்தக் கணக்கு பழகிய பிறகு நஷ்டம் வந்தால் தூக்கம் போவதில்லை, ஏனென்றால் அந்தத் தொகை எனக்கு முன்கூட்டியே தெரியும்.

எப்போதும் தெரியும் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தின நாள் நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது, நான் ஒரு பொதுத்துறைப் பங்கை 436-க்கு 80 வைத்திருந்தேன், 412-ல் ஜிடிடி (விலை அங்கே வந்ததும் தானாக விற்பனை ஆர்டர் போகும் ஏற்பாடு) போட்டு லிமிட் 410, அதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று கொடுத்திருந்தேன். அன்று காலை டிஸ்பாட்ச் அவசரத்தில் போனைத் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஜிடிடி டிரிக்கர் ஆகியிருக்கிறது, பங்கு விற்கவில்லை. 412-ஐத் தொட்ட வேகத்திலேயே விலை 410-க்குக் கீழே போய்விட்டதால் என் ஆர்டர் மேலே தொங்கிக்கொண்டு இருந்தது. 378-க்குத்தான் மார்க்கெட் ஆர்டர் போட்டு வெளியே வந்தேன், 1,920 ரூபாய் என்று எழுதி வைத்த நஷ்டம் 4,640 ஆனது. நிஃப்டி அன்று கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்து முடிந்தது. இப்போது டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் நடுவில் மூன்று சதவீதமாவது இடைவெளி விடுகிறேன், இந்த மாதிரி நாளுக்கு முன்னால் பாதியைக் குறைத்துவிடுகிறேன். இன்னொன்று, விற்கும் பங்கை எடுக்க புரோக்கருக்கு முன்கூட்டியே தரும் டிடிபிஐ அனுமதியைக் கொடுக்காதவர்கள் விற்பதற்கு டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி தர வேண்டும், தராவிட்டால் ஜிடிடி டிரிக்கர் ஆனாலும் ஆர்டர் நிராகரிக்கப்படும். எனக்கு ஒருமுறை அப்படியும் ஆகியிருக்கிறது.

2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 தொட்டது, அப்புறம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தொடர்ந்து ஐந்து மாதம் இறக்கம். அந்தக் காலத்தில் என் சார்ட்டுகள் எதுவும் வேலை செய்யவில்லை, ஒன்பது முறை உள்ளே போய் ஏழு முறை ஸ்டாப் லாஸ், அதாவது எழுதி வைத்த விலையில் நஷ்டத்தோடு வெளியேறியது. மொத்தச் சந்தையும் இறங்கும்போது தனி ஒரு பங்கு எவ்வளவு அழகாக நிமிர்ந்தாலும் தாங்காது. நிஃப்டி 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று அதற்குப் பிறகு முடிவு செய்தேன். சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, மதியம் மூன்று மணி டீக்கு வெளியே வரும்போது கை தானாகப் போனுக்குப் போகிறது.

இப்போது கணக்கு. 2021-22-ல் 29,000 நஷ்டம், 2022-23-ல் 42,000 நஷ்டம், 2023-24-ல் 38,000 லாபம், 2024-25-ல் 6,500 நஷ்டம், இந்த நிதியாண்டில் இதுவரை 14,000 லாபம். ஆரம்பத்து 9,000-ஐச் சேர்த்தாலும் இன்னும் 16,500 ரூபாய் கீழேதான் இருக்கிறேன், வகுப்புக் காசு தனி. நோட்டு வைத்து டிரேடு செய்த கடைசி மூன்று வருடத்தில் மொத்தம் 112 டிரேடு, அதில் 44-ல்தான் லாபம். சராசரி லாபம் 3,275, சராசரி நஷ்டம் 1,450, அதனால்தான் 68 முறை தோற்றும் 45,500 ரூபாய் மிஞ்சியது. இதே ஐந்து வருடத்தில் மனைவி பேரில் மாதம் 3,000 ரூபாய் நிஃப்டியை அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் போகிறது, அது எந்தத் தொந்தரவும் இல்லாமல் என் டிரேடிங்கைவிட நன்றாகவே வளர்ந்திருக்கிறது. பணம் மட்டுமே நோக்கம் என்றால் அந்த வழி போதும் என்றுதான் சொல்வேன்.

செலவையும் வரியையும் சேர்த்துப் பாருங்கள். புரோக்கரேஜ் பூஜ்யம் என்றாலும் வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. 42,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் முத்திரை வரி, டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி சார்ஜ் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். குறுகிய கால லாபத்துக்கு வரி 15 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை 23 முதல் 20. நஷ்டத்தை எட்டு வருடம் வரை அடுத்தடுத்த லாபத்தில் கழிக்கலாம், ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனாக இருந்தும் 2021-22 ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டு அந்த 29,000-ஐக் கழிக்கும் உரிமையை இழந்தேன். அடுத்த வருடத்தை ஒழுங்காகப் போட்டதால் 38,000 லாபத்துக்கு வரி கட்டவில்லை.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது திண்ணையில் என் நோட்டு கிடந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதென்ன கண்ணு, வாங்கறதுக்கு முன்னாலயே விக்கிற வெலைய எழுதி வெச்சிருக்கற?" என்று கேட்டார். கெமிக்கல் பங்கு விஷயத்தை அன்றுதான் அவரிடம் முழுசாகச் சொன்னேன், 36,000 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து குடோனைத் திறந்தார், மூட்டைகளை ஒரு தடவை எண்ணினார்.

"பத்து மூட்டைக்கு ஒரு வெல எழுது. அதுக்குக் கீழ எறங்குனா போட்டர்லாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கத்தில் மூன்று பங்குகளின் பெயருக்குக் கீழே, விரலி மஞ்சள் பத்து மூட்டை என்று எழுதி, வெளியேறும் விலையை அவர் சொல்லச் சொல்ல அதற்கு நேராகப் போட்டேன்.