வங்கி லோன் ஆபீசரா, லோன் ஏஜென்ட்டா?

வீட்டுக் கடனுக்கு லோன் ஆபீசரிடம் நேராகப் போனால், அவரிடம் இருப்பது அவருடைய வங்கியின் திட்டங்கள் மட்டும்தான். ஆனால் சம்பளச் சீட்டு ஒன்று குறைந்தாலோ, பத்திரத்தில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, ஃபைல் மேலே போகும் முன்பே நல்ல ஆபீசர் பிடித்துச் சொல்லிவிடுவார். ஒப்புதல் தருவது பெரும்பாலும் வேறு பிரிவு என்பதால் இந்த முன்சோதனை ரொம்ப முக்கியம்.

ஏஜென்ட் பல வங்கிகளின் வட்டியை ஒன்றாக வைத்துக் காட்டுவார். 20 வருடக் கடனில் வட்டி 8.5 சதவீதத்திலிருந்து 8 ஆனால், மொத்தத்தில் அசலில் சுமார் 7.5 சதவீத அளவுக்கு மிச்சம், இது சின்னத் தொகையே இல்லை. அப்புறம், கமிஷன் யார் தருகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டாம்.

நிலையான சம்பளக்காரருக்கு ஆபீசரே போதும். வருமானம் ஏறி இறங்கும் சொந்தத் தொழில்காரர் ஏஜென்ட்டையும் பார்க்கலாம், ஒரு வங்கி தள்ளிவிட்ட விண்ணப்பத்தை இன்னொன்று ஏற்பதுண்டு.