பரேல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, குழந்தைங்க கேன்சர் பிரிவு – ஒரு தாராவி அம்மாவோட அனுபவம்

மும்பைல இருக்கற நம்ம ஆளுங்களுக்காகத்தான் எழுதுறேன், பாப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்னு சொன்னப்ப தமிழ்ல தேடிப் பாத்தேன், பிள்ளய பெத்தவங்க எழுதினது ஒண்ணும் என் கண்ணுல படல.

அப்ப அவளுக்கு ரெண்டு வயசுகூட முடியல. காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு, உடம்பு வெளுத்துப் போச்சு, அடி எதுவும் படாமலே தொடையில நீலம் நீலமா தடம், நல்லா ஓடிக்கிட்டு இருந்த பிள்ள தூக்கு தூக்குன்னு கைய நீட்டுச்சு. கால் எலும்பு வலிச்சிருக்கு, அதுக்கு சொல்லத் தெரியல. ஏரியால ஒரு டாக்டர் டானிக் எழுதிக் குடுத்தாரு, இன்னொருத்தர்தான் ரத்தம் எடுக்க சொல்லி ரிப்போர்ட்ட பாத்துட்டு இப்பவே பரேல் போங்கன்னாரு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

டாடான்னதும் எங்க அத்தை பெரிய கம்பெனி ஆஸ்பத்திரி, வீட்ட விக்கணும்னு அழுதாங்க. அப்படி இல்லங்க. 1941ல டாடா ட்ரஸ்ட் ஆரம்பிச்சது, ஆனா 1962ல இருந்து மத்திய அரசோட அணுசக்தி துறை கையில இருக்கு. ஜெனரல், பிரைவேட்னு ரெண்டு விதமா பதிவு பண்ணலாம், நாங்க ஜெனரல்தான். ஊர்ல இருந்து எல்லாரும் சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்கன்னாங்க, அதுவும் 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்ச நல்ல இடம்தான், ஆனா வைத்தியம் ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடும், இவரு வேலைய விட்டுட்டு அங்க போய் உக்கார முடியாது.

இங்கதான் முக்கியமான விஷயம். பாப்பாவுக்கு வந்தது ஏஎல்எல்னு சொல்ற ரத்தப் புற்றுநோய் வகை, குழந்தைங்களுக்கு வர்ற கேன்சர்ல இதுதான் ஜாஸ்தி, சரியா வைத்தியம் பாத்தா நிறைய பிள்ளைங்க முழுசா குணமாகிடுறாங்க. ஆனா முதல் கட்ட கீமோ முடிஞ்ச உடனே டெஸ்ட்ல கேன்சர் செல் தெரியாமப் போயிடும், பிள்ள சிரிக்கும் விளையாடும், கையில காசும் தீந்திருக்கும், அப்ப நிறைய குடும்பம் சாமி கண்ண தொறந்துட்டாருன்னு ஊருக்கு கிளம்பிடுறாங்க, அப்புறம் நோய் திரும்பி வந்தா ரொம்ப கஷ்டம். இந்த ஆஸ்பத்திரி கிட்ட எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான், நடுவுல விட்டுட்டுப் போக விட மாட்டாங்க. இம்பாக்ட் ஃபவுண்டேஷன்னு குழந்தைங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்காங்க, மருந்து செலவுக்கு வழி பண்றது, சாப்பாடு, கவுன்சிலிங் எல்லாம் அவங்க பாக்குறாங்க. ஒரு தேதிக்கு நாங்க போகலன்னதும் போன் வந்துச்சு, ஏன் வரல, காசா, வண்டியா, வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையான்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. திட்டல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வெளியூர்க்காரங்களுக்கு தங்குறதுதான் பெரிய கவலை, ஆஸ்பத்திரி பக்கத்து நடைபாதையில படுத்துக் கிடக்கற குடும்பங்கள பாத்தா வயிறு எரியும். செயின்ட் ஜூட் இந்தியான்னு 2006ல மும்பைல ஆரம்பிச்ச டிரஸ்ட், வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்க குடும்பத்துக்கு இலவசமா இடம் குடுக்குது. டே கேர்ல, அதான் பகல்ல மருந்து ஏத்திட்டு அன்னைக்கே அனுப்பிடற பிரிவுல, பழக்கமான ஒரு நெல்லைக்கார அக்கா அங்கதான் இருந்தாங்க, ரேஷன் குடுத்து நாமளே சமைக்க அடுப்பும் குடுப்பாங்களாம், அவங்க பையனுக்கு அங்கயே சுடச்சுட ரசம் வச்சுக் குடுத்தேன்னு அந்தக்கா அவ்வளவு சந்தோஷமா சொல்லும். சோஷியல் வொர்க்கர் கிட்ட முதல் நாளே கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க.

ஸ்டீராய்டு மருந்து ஓடுற வாரங்கள் ரொம்பப் பாடு. ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேட்டு அழுவா, குடுத்தா வீசுவா, முகமெல்லாம் உப்பிப் போச்சு, முடியும் கொட்டிடுச்சு. அது மருந்து பண்ற வேலை, பிள்ளய அதட்டாதீங்கன்னு ஒரு நர்ஸம்மா எனக்கு பொறுமையா சொன்னாங்க, அவங்க மராத்தி, எனக்கு அரைகுறை ஹிந்தி, இருந்தாலும் புரிஞ்சுச்சு. முதுகுத்தண்டுல ஊசி போடறப்ப மயக்கம் குடுத்துதான் போட்டாங்க. ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் அணு குறைஞ்சப்ப இவரு கூட வேலை பாக்குற பசங்க வந்து குடுத்தாங்க, அத அஞ்சு நாளைக்கு மேல வச்சிருக்க முடியாது, அதனால குடுக்கறதுக்கு ஆள எப்பவும் தயாரா வச்சுக்கோங்க.

நம்ம வீடுகளுக்குன்னே ஒண்ணு சொல்லணும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டுடுச்சு, அவங்க வேப்பிலை கட்டிட்டு யார்கிட்டயும் சொல்லல, அத்தையும் ஆத்தா வந்திருக்கா பேசாம இருன்னாங்க. கீமோ எடுக்கற பிள்ளைக்கு அம்மை உயிருக்கே ஆபத்து, அம்மை போட்ட பிள்ளை கூட இருந்திருந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு சொல்லணும், சொன்னோம், தடுப்பு மருந்து குடுத்தாங்க, பாப்பாவுக்கு அம்மை வரல. ஆத்தாவ கும்பிடுங்க, போனும் பண்ணுங்க. காய்ச்சலும் அப்படித்தான், 100.4 தொட்டா விடியட்டும்னு இருக்காதீங்க, நடு ராத்திரின்னாலும் டாக்ஸி பிடிச்சு கிளம்புங்க, நீங்களா பாராசிட்டமால் குடுத்து காய்ச்சல மறைச்சுடாதீங்க.

நாடு பூரா இங்க வருது, கூட்டம் கூட்டமாத்தான் இருக்கும், ஒரு நாள் முழுக்க போயிடும்னு நினைச்சே கிளம்புங்க. கொதிக்க வச்ச தண்ணி, வீட்டு சாப்பாடு, மாத்து துணி, ஒரு போர்வை. ஆஸ்பத்திரில குடுக்கற ஸ்மார்ட் கார்டுல பணம் போட்டு வச்சுட்டா ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் காச எண்ண வேண்டாம்.

பாப்பாவுக்கு மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சு. முடி சுருட்டை சுருட்டையா வளந்திருக்கு, பால்வாடி போறா, மாடிப்படி ஏறுறப்ப நான் கைய பிடிச்சா உதறி விடுறா. ஆனா ஆஸ்பத்திரி எங்கள விடல, வைத்தியம் முடிஞ்ச பிள்ளைங்களுக்குன்னு ஆக்ட் கிளினிக்னு தனியா ஒண்ணு 1991ல இருந்தே நடத்துறாங்க, வளந்து பெரியவங்களானவங்ககூட அங்க செக்கப்புக்கு வர்றாங்க. சில கீமோ மருந்து பல வருஷம் கழிச்சு இதயத்த பாதிக்கலாம், அதனால எந்த மருந்து எவ்வளவு ஏறுச்சுங்கற பேப்பர் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க, போன்லயும் போட்டோ எடுத்து வச்சுடுங்க, தாராவி மழைக்கு பேப்பர் தாங்காது.