மனைக்குள்ளா, வெளியிலா, அரசிடமா: இங்கிலாந்தின் பல்லுயிர் விதியில் எது தேறும்?

இங்கிலாந்தில் வீடுகள் கட்ட அனுமதி கேட்பவர், சில விலக்குகள் நீங்கலாக, அழியப்போகும் வாழிடத்துக்கு ஈடு கட்டினால் மட்டும் போதாது. 10 சதவீதம் கூடுதலாகவும் தர வேண்டும். இதுதான் 'பல்லுயிர் நிகர ஆதாயம்' என்ற விதி. பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும், சிறிய மனைகளுக்கு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமானது. வாழிடத்தின் மதிப்பை 'யூனிட்' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். நடுத்தர நிலையில் உள்ள 1 ஹெக்டேர் சாதாரணப் புல்வெளிக்கு 4 யூனிட் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கப் போனால் 4.4 யூனிட் காட்டியாக வேண்டும். எங்கே காட்டுவது என்பதில்தான் மூன்று வழிகள்.

சட்டம் முதலில் சொல்வது மனைக்குள்ளேயே செய்யும் வழி. பில்டர்களுக்கும் இதுதான் பிடிக்கும். எப்படியும் புல், மரம், குளம் என்று போடத்தானே போகிறார்கள். குடிவருபவர்களுக்கும் வாசலிலேயே பசுமை கிடைக்கும். வரைபடத்தில் அது காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளி. நேரில் பார்த்தால் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், நாய்கள் ஓடும், பூ விதை கட்டுவதற்குள் பராமரிப்பு நிறுவனத்தின் புல்வெட்டி வந்துவிடும். குறிப்பிடத்தக்க மேம்பாடு என்றால் 30 ஆண்டு காக்க வேண்டும். ஆனால் மனைக்குள் செய்வது தேசியப் பதிவேட்டில் ஏறாது; சொன்னபடி நடக்கிறதா என்று சரிபார்ப்பது, கட்டட அனுமதி தரும் உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42 குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்து 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். செய்து தருவதாகச் சொன்ன இயற்கை அம்சங்களில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் அங்கே இருந்தன. அவை புதிய விதிக்கு முன்பு அனுமதி பெற்றவை, சரி. ஆனால் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியவர்கள் இன்றும் அதே கவுன்சில்கள்தான்.

அடுத்தது வெளியிடம். ஒரு விவசாயி தன் வயலைப் புல்வெளியாக மாற்றி, 30 ஆண்டுக்குச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான 'நேச்சுரல் இங்கிலாந்து' நடத்தும் தேசியப் பதிவேட்டில் சேர்த்த பிறகுதான் பில்டரின் கணக்கில் வைக்க முடியும். எந்த நிலம், யாருக்கு ஒதுக்கியது என்று யாரும் பார்க்கலாம். பரப்பும் பெரிது. வானம்பாடி திறந்த வெளியில் தரையில் கூடு கட்டும் பறவை. வீடுகளுக்கு நடுவே உள்ள துண்டுப் புல்லில் அது தங்காது. குறை என்னவென்றால், இழப்பு ஓர் ஊருக்கு, ஆதாயம் வேறோர் ஊருக்கு என்று போய்விடலாம். இதைத் தடுக்க நல்ல ஏற்பாடு உண்டு. அதே கவுன்சில் எல்லைக்குள் வாங்கினால் முழு மதிப்பு, பக்கத்துப் பகுதியில் 75 சதவீதம், அதையும் தாண்டினால் பாதிதான்.

அரசிடம் கிரெடிட் வாங்குவது, அதாவது தானே வாழிடம் உருவாக்காமல் அரசுக்குப் பணம் கட்டி ஈடு செய்வது, கடைசி வழி. வேண்டுமென்றே விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த விலையே ஒரு கிரெடிட்டுக்கு 42,000 பவுண்டு. ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிரெடிட் வேண்டும். வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும்தான் இது.

என்னைக் கேட்டால், சொந்தமாகப் பூங்கா அளவு நிலம் ஒதுக்கும் பெரிய திட்டத்துக்கு மனைக்குள் செய்வது சரி. முப்பது நாற்பது வீடுகளுக்கு, அதே கவுன்சிலுக்குள் பதிவான வெளியிடமே மேல். பழங்காடு மட்டும் இந்தப் பேரத்துக்கே வரக்கூடாது. சட்டமும் அதை ஈடுசெய்ய முடியாத வாழிடம் என்று தனியே வைத்திருக்கிறது.

அப்புறம், ஆட்சேபம் எழுதும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: இந்தக் கூடுதலை எப்படித் தருவோம் என்று பில்டர் எழுதித் தரும் இறுதி ஆதாயத் திட்டம் அனுமதி கிடைத்த பிறகு, வேலை தொடங்கும் முன்தான் கவுன்சிலுக்கு வரும். அதனால் யார் பராமரிப்பார், கண்காணிப்புச் செலவை யார் கட்டுவார் என்ற கேள்விகளை விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.