துணை ஆளுநர்: தனியாகத் தேர்ந்தெடுப்பதா, ஜோடியாகவா, பதவியே வேண்டாமா? அமெரிக்க மாநிலங்கள் ஒப்பீடு

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 45-ல் துணை ஆளுநர் இருக்கிறார். புதுச்சேரியிலும் டெல்லியிலும் நாம் பார்க்கிற துணைநிலை ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் ஆளுநர்தான் ஆட்சி நடத்துபவர், நம் ஊர் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர், துணை ஆளுநர் அவருக்கு அடுத்த ஆள், பெரும்பாலும் மக்கள் ஓட்டில் வருகிறவர். ஆளுநர் இறந்துபோனாலோ ராஜினாமா செய்தாலோ பதவி பறிபோனாலோ அந்த நாற்காலியில் உட்காருவது இவர்தான். மற்ற வேலைகளெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இது மட்டும் மாறாது. அதனால் எந்த முறை நல்லது என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆளுநர் பாதியில் போனால், மக்கள் எந்தக் கட்சிக்கு, எந்தக் கொள்கைக்கு ஓட்டுப் போட்டார்களோ அது கெடாமல் ஆட்சி கைமாறுகிறதா?

பதவி பழையது. நியூயார்க் தன் 1777 அரசியல் சட்டத்திலேயே துணை ஆளுநரை வைத்து, அவருக்கு மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தலைமை தாங்கும் வேலையையும் கொடுத்துவிட்டது. நாட்டுக்குத் துணை ஜனாதிபதி வந்தது அதற்கு 12 வருடம் கழித்துத்தான்.

முதல் வழி, தனித் தேர்தல். ஆளுநருக்கு ஒரு ஓட்டு, துணை ஆளுநருக்கு வேறொரு ஓட்டு. கலிஃபோர்னியா, டெக்சாஸ், வட கரோலினா, வர்ஜீனியா, ஐடஹோ எல்லாம் இந்த வகை. மக்களுக்கு இரண்டு ஓட்டு கிடைக்கிறதே, இதைவிட ஜனநாயகம் என்ன வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், இரண்டு வேறு கட்சிக்காரர்கள் ஒரே வண்டியில் ஏற்றப்படுகிறார்கள். 1979-ல் கலிஃபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஜனநாயகக் கட்சி, துணை ஆளுநர் மைக் கர்ப் குடியரசுக் கட்சி. ஆளுநர் மாநிலத்துக்கு வெளியே போனால் அதிகாரம் துணை ஆளுநர் கைக்கு வரும் என்று அந்த மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. பிரவுன் வெளியே போன நேரத்தில் கர்ப் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியை நியமித்துவிட்டார். பிரவுன் திரும்பி வந்து அதை வாபஸ் வாங்க, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. துணை ஆளுநருக்கு அந்த அதிகாரம் உண்டு, ஆனால் நியமனம் உறுதியாகும் முன் ஆளுநர் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பு வந்தது. யார் ஆட்சி செய்கிறார் என்பதை விமான டிக்கெட் தீர்மானிக்கிற நிலைமை!

கட்சி வேறு என்பதால்தான் இப்படி என்று விட்டுவிடவும் முடியாது. 2021-ல் ஐடஹோவில் ஆளுநர் பிராட் லிட்டில், துணை ஆளுநர் ஜேனிஸ் மெக்கீச்சின் இருவரும் குடியரசுக் கட்சிதான். மே மாதம் லிட்டில் வெளியூர் போயிருந்தபோது, பள்ளிகள் போன்ற அரசு அமைப்புகள் முகக்கவசத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மெக்கீச்சின் உத்தரவு போட்டார், லிட்டில் வந்ததும் ரத்து செய்தார். அக்டோபரில் திரும்பவும் அதே கதை, இந்த முறை தடுப்பூசி விஷயத்தில். பெருந்தொற்றின் நடுவில் பள்ளிக்கூடங்கள் எந்த உத்தரவைப் பின்பற்றுவது? இதைத் தனி மனிதர்களின் குணம் என்று நான் பார்க்கவில்லை. தனியாக ஓட்டு வாங்கியவருக்குத் தனியாக அரசியல் செய்யத்தான் தோன்றும். அடுத்த வருடம், கட்சி வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் லிட்டிலை எதிர்த்தே மெக்கீச்சின் நின்றார், தோற்றார்.

டெக்சாஸை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்துப் பேச வேண்டும். அங்கே துணை ஆளுநர் 31 பேர் கொண்ட செனட்டை நடத்துகிறார், குழுக்களை அமைக்கிறார், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்று முடிவு செய்கிறார், பட்ஜெட் வாரியத்துக்குக் கூட்டுத் தலைவராகவும் இருக்கிறார். சம்பளம் வருடத்துக்கு 7,200 டாலர்தான், செல்வாக்கோ பல சமயம் ஆளுநரைவிட அதிகம். அவருக்கென்று உண்மையான வேலை இருப்பதால் தனியாகத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1995-ல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக வந்தபோது துணை ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள், 1998 தேர்தலுக்கு புல்லக் தன் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு புஷ்ஷையே ஆதரித்தார். ஆனால் ஒன்று, இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி செனட் தன் விதிகளின் வழியாகக் கொடுப்பது, அரசியல் சட்டம் கொடுத்தது இல்லை. 1988-ல் வட கரோலினாவில் ஜிம் கார்ட்னர் என்ற குடியரசுக் கட்சிக்காரர் துணை ஆளுநராக ஜெயித்ததும், ஜனநாயகக் கட்சி கையிலிருந்த செனட் அந்தப் பதவிக்கு இருந்த அதிகாரங்களைப் பிடுங்கிவிட்டது. அப்புறம் அந்த இரண்டாவது ஓட்டுக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது வழி, ஜோடி. ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே ஓட்டில், ஜனாதிபதி தேர்தல் மாதிரி. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில்தான் இருக்கின்றன. 2009-ல் இல்லினாயில் பிளாகோயவிச் பதவி நீக்கப்பட்டபோதும், 2021-ல் நியூயார்க்கில் குவோமோ ராஜினாமா செய்தபோதும் துணை ஆளுநர்கள் பாட் க்வின், கேத்தி ஹோக்கல் அதே நாளிலோ, முன்கூட்டியே குறித்த நாளிலோ பொறுப்பேற்றார்கள், கட்சி மாறவில்லை. நான் கேட்கிற முக்கியமான விஷயம் இங்கே கிடைக்கிறது.

ஆனால் ஜோடியை எப்போது சேர்க்கிறோம் என்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது. இல்லினாயில் பொதுத் தேர்தலில்தான் ஜோடி, உட்கட்சித் தேர்தலில் தனித்தனி. 1986-ல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் துணை ஆளுநர் வேட்பாளராக ஜெயித்தவர் லிண்டன் லாரூஷ் என்ற, அதிதீவிரக் கருத்துகள் பேசிய அரசியல்வாதியின் ஆதரவாளர். ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன், இவரோடு ஒரே சீட்டில் நிற்க மாட்டேன் என்று தனிக் கட்சி தொடங்கி நின்று தோற்றார். 2010-லும் அப்படி ஜெயித்த ஒருவர் சொந்த வாழ்க்கைப் புகார்களால் விலக வேண்டி வந்தது, அதற்குப் பிறகுதான் உட்கட்சித் தேர்தலிலும் ஜோடியாகவே நிற்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். நியூயார்க்கில் 2022 தேர்தலிலும் உட்கட்சியில் தனித்தனிதான். ஹோக்கலே நியமித்த துணை ஆளுநர் அன்டோனியோ டெல்காடோ 2025-ல் அவரை எதிர்த்துப் போட்டியிடுவதாக அறிவித்தார். ஆக, ஜோடி முறையிலும் உறவு முறியும்.

டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் செனட் தலைவருக்கே துணை ஆளுநர் பட்டம். மக்கள் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டு வராத ஒருவர் என்பதால் எனக்கு இது பிடிக்கவில்லை.

மூன்றாவது வழி, பதவியே இல்லாதது. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஆரகன், வயோமிங், அரிசோனா. செலவு மிச்சம் என்பார்கள். அரிசோனாவைப் பாருங்கள்: அங்கே அடுத்த வாரிசு, தனித் தேர்தலில் ஜெயித்து வரும் மாநிலச் செயலாளர். 1988-ல் குடியரசுக் கட்சி ஆளுநர் மெக்கம் பதவி நீக்கப்பட, ஜனநாயகக் கட்சியின் ரோஸ் மோஃபர்ட் வந்தார். 2009-ல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் நெப்பாலிடானோ ஒபாமா அமைச்சரவைக்குப் போக, குடியரசுக் கட்சியின் ஜேன் புரூவர் வந்தார். தேர்தல் இல்லாமலே இரண்டு தடவை ஆளும் கட்சி மாறியது. 2022-ல் மக்களே ஓட்டுப் போட்டு, 2026 தேர்தலிலிருந்து ஜோடி முறையில் துணை ஆளுநர் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நியூ ஜெர்சி இன்னும் மோசமாக அடிபட்டது. 2001 தொடக்கத்தில் ஆளுநர் விட்மன் மத்திய அரசுப் பதவிக்குப் போனதும் செனட் தலைவர் டிஃபிரான்செஸ்கோ, செனட் தலைமையையும் விடாமல், தற்காலிக ஆளுநராக ஒரு வருடம் ஓட்டினார். சட்டம் இயற்றும் அவையின் தலைவரே, ஆளுநராக அந்தச் சட்டத்தில் கையெழுத்தும் போடுகிறார். 2002 ஜனவரியில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, புது ஆளுநர் மக்ரீவி வர ஒரு வாரம் இருந்தது. அந்த இடைவெளியில் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, சுமார் ஒன்றரை மணி நேரம், பிறகு செனட்டில் இரு கட்சிக்கும் சம பலம் என்பதால் அதன் இரு கட்சித் தலைவர்களில் ஜான் பென்னட் சில நாள், ரிச்சர்ட் கோடி சில நாள் ஆளுநராக இருந்தார்கள். 2004 நவம்பரில் மக்ரீவியும் ராஜினாமா செய்ய, மறுபடி கோடி 14 மாதம். 2005-ல் மக்கள் துணை ஆளுநர் பதவியை உருவாக்கினார்கள், 2010-ல் கிம் குவாடனோ முதல் ஆளாக வந்தார்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு இந்த நியூ ஜெர்சி வடிவத்துக்குத்தான். உட்கட்சித் தேர்தல் முடிவு உறுதியானதும் 30 நாளுக்குள் ஆளுநர் வேட்பாளரே தன் துணையைத் தேர்ந்தெடுக்கிறார், அதனால் இல்லினாய் விபத்து நடக்காது. ஜெயித்த பிறகு ஒரு துறையையோ ஆளுநர் ஒப்படைக்கும் வேறு பொறுப்பையோ பார்க்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஷீலா ஆலிவர் சமூக விவகாரத் துறையை நடத்தினார். ஆளுநர் வெளிநாட்டில் இருந்ததால் தற்காலிக ஆளுநராக இருந்த நேரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் 2023 ஆகஸ்ட் 1 அன்று அவர் இறந்துபோனார். 45 நாளுக்குள் புதியவரை ஆளுநர் நியமிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது, செப்டம்பரில் டஹேஷா வே வந்துவிட்டார். குறை இல்லாமல் இல்லை: கட்சியின் சாதாரண உறுப்பினருக்கு இந்த இரண்டாவது பெயரில் ஒரு பேச்சும் கிடையாது. ஆளுநர் எல்லை தாண்டியதும் அதிகாரம் கைமாறும் விதியும் அங்கே இன்னும் இருக்கிறது. தொலைபேசியே இல்லாத காலத்து விதி அது, அதை எல்லா மாநிலங்களும் எடுத்துவிட வேண்டும்.