ஜெர்மன் அவசரப் பணம்: 1921-ன் வண்ணத் தாள்களா, 1923-ன் கோடித் தாள்களா?

ஜெர்மன் நகராட்சிகள் வெளியிட்ட நோட்கெல்ட், அதாவது அவசரப் பணத் தாள்களைச் சேர்க்க நினைப்பவர் முதலில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

1921, 1922-ல் வந்தவை பெரும்பாலும் 25, 50, 75 பெனிக் (ஒரு மார்க்கில் நூறில் ஒரு பங்கு) போன்ற சில்லறை மதிப்புகள். ஹாமெல்ன் நகரத் தாளில் அந்த ஊர்க் கதையில் வரும் எலிபிடிக்கும் குழலூதி இருப்பான். பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் பல தொடர்கள் சேகரிப்பாளர்களுக்காகவே அச்சானவை. கடையில் கைமாறாமல் நேராக ஆல்பத்துக்குப் போனவை. புதுசு போலவே கிடைப்பதன் ரகசியம் அதுதான். 1922 ஜூலையில் அரசு இந்த வெளியீடுகளுக்குத் தடை போட்டது.

1923-ன் தாள்கள் வேறு ரகம். விலைவாசி எகிறியதில், மத்திய வங்கியான ரைக்ஸ்பேங்க் அச்சடித்தது போதவில்லை. சம்பளம் கொடுக்கவே பணத்தாள் இல்லை. நகராட்சிகள், தொழிற்சாலைகள், ரயில்வே எல்லாம் தாங்களே அச்சடித்தன. அவசரத்தில் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே அச்சு. சிலவற்றில் பழைய மதிப்பின் மேலேயே புதிய தொகையை அச்சடித்திருப்பார்கள். தாள்களில் அச்சிட்ட தொகை லட்சம், கோடி என்று ஏறி, நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானது. அப்புறம் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது: லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒன்று.

அழகுதான் முக்கியம் என்றால் முதல் வகை. என் ஓட்டு இரண்டாவதுக்கு. மடிப்பும் அழுக்கும் இருந்தாலும் அவை உண்மையில் ரொட்டி வாங்கிய தாள்கள். கிழிசலை மட்டும் செலோடேப்பால் ஒட்டாதீர்கள், தாள் மஞ்சளாகிப் பாழாகும். வாங்கும்போது வரிசை எண், முத்திரை, நீர்க்குறி மூன்றையும் பாருங்கள். ஒரே நகரத்தின் தாளிலும் இவை மாறுபடும், விலையும் அதோடு மாறும்.