12 அங்குல மரப் பொம்மை: பக்கவாட்டில் பெண்ணுருவம் வரைய எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கடைசல் மரத்தில் செய்து, மூட்டுக்கு மூட்டு ஸ்பிரிங் வைத்து, வட்டப் பலகையில் ஒரு கம்பியை நட்டு நிறுத்தியிருப்பார்களே, ஓவியம் பழகுகிறவர்களின் மேசையில் நிற்கும் அந்தப் பொம்மையைப் பற்றிய மதிப்புரை இது. 8, 12, 16 அங்குலம் எனப் பல அளவுகளில் கிடைக்கும். இங்கே எடுத்துக்கொண்டது 12 அங்குலப் ‘பெண்’ பொம்மை. அதுவும் ஒரே ஒரு வேலைக்கு: நிற்கும் பெண் கதாபாத்திரத்தைத் தலை முதல் கால் வரை பக்கவாட்டில் வரைவதற்கு. முன்புறத் தோற்றத்துக்கு இந்தப் பொம்மை ஓரளவு ஈடுகொடுக்கும். பக்கவாட்டில் திருப்பி வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

பெண் பொம்மை என்று பெயரே தவிர, ஆண் பொம்மையிலிருந்து பெரிய வித்தியாசம் எதுவும் இருக்காது. வயிற்றுத் துண்டு கொஞ்சம் ஒல்லி, மார்புத் துண்டில் ஒரு மேடு, அவ்வளவுதான். தலை, கை, கால் எல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சு.

வாங்கியதும் முதலில் தலைக்கணக்கை, அதாவது மொத்த உயரம் எத்தனை தலை உயரத்துக்குச் சமம் என்பதைப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டில் தலையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, உச்சியிலிருந்து பாதம் வரை அடுக்கிக்கொண்டே வரவேண்டும். கழுத்துக் குண்டைத் தலையோடு சேர்த்து அளந்தால் கணக்கு பிசகும். உயரம் 30 செ.மீ. என்றால், ஏழரைத் தலை உடம்புக்குத் தலை 4 செ.மீ. இருக்க வேண்டும். எட்டுத் தலை வந்தால் படக்கதை நாயகிக்குப் பொருந்தும். ஆறரைதான் வருகிறதென்றால் அளவுக்கு அந்தப் பொம்மையை நம்பாதீர்கள்; நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி விட்டுவிடுங்கள். நின்றால் நல்ல ஸ்பிரிங். மெல்ல இறங்கினால் சில மாதங்களில் அது எந்த நிலையிலும் நிற்காத பொம்மையாகிவிடும்.

இனி பெரிய குறைக்கு வருவோம்: முதுகு. பக்கவாட்டில் நிற்கும் உடம்பில் நேர்க்கோடு என்பதே கிடையாது. விலாக்கூட்டின் மேல்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். இடுப்பெலும்பின் மேல்பகுதி முன்னால் சாய்ந்திருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சாய்வதால்தான் இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்குகிறது. பெண்ணுருவத்தில் இந்த இடுப்புச் சாய்வு பொதுவாகச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பொம்மையிலோ மார்பு, வயிறு, இடுப்பு என்ற மூன்று துண்டும் நூலில் கோத்த மணி போல ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே பார்த்து வரைந்தால் விறைத்து நிற்கும் காவலாளி வருவார், பெண் வரமாட்டார்.

கையால் சாய்த்து வைத்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திரும்ப இழுத்து நேராக்கிவிடும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய அழிரப்பரில் சுமார் 4 மி.மீ. கனத்துக்கு ஆப்பு வடிவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மார்பை லேசாகப் பின்னால் சாய்த்தால் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே முன்பக்கத்தில் ஒரு வாய் திறக்கும். அதில் ஒரு துண்டைச் செருகுங்கள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் இடையே, அதுவும் முன்பக்கத்தில்தான், இன்னொரு துண்டு. பின்பக்கத்தில் செருகினால் முதுகு கூன் போட்டுவிடும். இடுப்பைச் சாய்த்ததும் இரண்டு காலும் பின்னால் போகும். அவற்றைத் தொடை மூட்டில் திருப்பி மறுபடி நேர் நிறுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, பொம்மை குப்புற விழுவது போல நிற்கிறதே என்று திகைப்பார்கள்.

கழுத்தும் அதே கதை. பொம்மையின் கழுத்து நட்டுவைத்த முளை மாதிரி செங்குத்தாக நிற்கும். உண்மையில் கழுத்து பின்னாலிருந்து கிளம்பி முன்னால் சாய்ந்து மேலேறுகிறது. குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பு, முன்னால் இருக்கும் தொண்டைக்குழியைவிட உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் சரிவான கோட்டை முதலில் போட்டுவிட்டால் கழுத்து தானாக அமையும். தலையைப் பொறுத்தவரை பொம்மையில் இருப்பது ஒரு முட்டை. பக்கவாட்டில் மனிதத் தலையின் முன்பின் நீளம் அதன் உயரத்துக்கு ஏறக்குறைய சமம், எட்டில் ஏழு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தாளில் தலை 3 செ.மீ. உயரம் என்றால் நெற்றியிலிருந்து பின்மண்டை வரை 2.6 செ.மீ. வேண்டும். முட்டையைப் பார்த்து வரைகிறவர்கள் பின்மண்டையை வெட்டிவிட்டு, அதை மறைக்கக் கொண்டையைப் பெரிதாகப் போடுவார்கள். பின்பக்கத்தில் கொஞ்சம் மாடலிங் களிமண்ணை அப்பிக்கொண்டால் தீர்ந்தது. காது நடுக்கோட்டுக்குப் பின்னால் வரும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மார்புத் துண்டில் ஒட்டியிருக்கும் அரைப்பந்தை நம்பி வரையக் கூடாது. காறை எலும்புக்குக் கீழிருந்து கோடு நீளமாகச் சரிந்து வந்து, அடியில்தான் வளைந்து விலாவோடு சேர்கிறது. மேலும் கீழும் ஒரே வளைவாகப் போட்டால் ஒட்டவைத்தது போலத்தான் தெரியும். விலாக்கூடு சாய்ந்திருப்பதும் அந்தக் கோட்டோடு வரவேண்டும்.

கால்களில்தான் பொம்மை மிக மோசம். தொடையும் முழங்காலுக்குக் கீழும் நேரான உருளைகள். முழங்கால் ஒரு கீல். பக்கவாட்டில் உண்மையான காலைப் பாருங்கள். தொடையின் முன்பக்கம் வெளியே வளைகிறது, கெண்டைக்கால் பின்பக்கம் வெளியே வளைகிறது. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி தொடையின் நேர்கீழே இல்லாமல் சற்றே பின்வாங்கி நிற்கிறது. இந்த நெளிவை விட்டுவிட்டால் என்னதான் நிழல் போட்டாலும் கால் மேசைக்கால்தான். பாதம் இன்னொரு வில்லங்கம். பொம்மையில் கணுக்கால் உருளை பாதத்தின் பின்நுனியிலேயே உட்கார்ந்திருக்கும், குதிகால் என்று பின்னால் எதுவும் நீளாது. நிஜப் பாதத்தில் ஏறக்குறைய கால்பங்கு கணுக்காலுக்குப் பின்னால் இருக்கிறது. பாதத்தின் மொத்த நீளம் தலையின் உயரத்தைவிடச் சற்று அதிகம்: 24 செ.மீ. உருவத்துக்குத் தலை 3 செ.மீ. என்றால் பாதம் சுமார் 3.5 செ.மீ. பெண் என்பதற்காகப் பாதத்தைக் குட்டியாகப் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. முழு உருவம் தள்ளாடுவதற்கு அதுவே போதும். உயரக் குதிகால் செருப்பு வேண்டுமென்றால் இந்தப் பொம்மையின் கணுக்கால் அவ்வளவு தூரம் வளையாது, முயலவும் வேண்டாம்.

கைகள் பரவாயில்லை. முழங்கை இடுப்பின் ஒடுங்கிய இடத்திலும், மணிக்கட்டு கவட்டின் மட்டத்திலும் வருகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொங்கவிட்ட கையை நேராக விடாமல், மேல்கையைக் கொஞ்சம் பின்னாலும் முன்கையைக் கொஞ்சம் முன்னாலும் மடக்கி வையுங்கள். தோள்பட்டை எலும்பு என்று பொம்மைக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே கையை முன்னால் நீட்டினால் தோளும் கூடவே முன்னால் வரவேண்டும் என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்து வரைய வேண்டும்.

எச்சரிக்க வேண்டிய இன்னொன்று அந்தக் கம்பி. இடுப்பைக் கம்பி தாங்குவதால் பொம்மை எவ்வளவு சாய்ந்தாலும் விழாது. வரைந்த உருவமோ தாளில் விழுந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு உத்தியே போதும். நூலில் ஒரு சிறிய நட்டைக் கட்டி பொம்மைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நேராக நிற்கும் உடம்பில் அந்த நூல் காதுத்துளை, தோள்முனை, தொடை மூட்டின் பக்கவாட்டு மேடு, முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னால், வெளிக் கணுவுக்குச் சற்று முன்னால் என்ற வரிசையில் போகும். காதுக்கு வைத்த புள்ளி இப்போது கைகொடுக்கும். இதே செங்குத்துக் கோட்டைத் தாளில் மெலிதாகப் போட்டுவிட்டு, அதில் எட்டுத் தலை குறித்து, பிறகு உருவத்தை ஏற்றினால் பாதிப் பிழை வரும் முன்பே நின்றுவிடும். ஏ4 தாளில் 24 செ.மீ. உருவம் வைத்தால் மேலும் கீழும் இடம் தாராளமாக மிஞ்சும்.

பொம்மையைப் படம் எடுத்துப் பார்த்து வரைகிறவர்கள் கைப்பேசியை அருகில் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோளும் கையும் பெருத்து, தலையும் பாதமும் சுருங்கும். 2 மீட்டர் தள்ளி நின்று, பொம்மையின் இடுப்பு உயரத்தில் லென்ஸை வைத்து, ஜூம் செய்து எடுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரே ஒரு மேசை விளக்கை முன்பக்கம் மேலிருந்து அடித்துப் பாருங்கள். தாடைக்கு அடியில், மார்புக்குக் கீழே, முதுகோரத்தில் நிழல் எப்படி விழுகிறது என்பதை இந்த மொட்டை வடிவங்கள் முகமும் தோலும் குறுக்கே வராமல் காட்டிவிடும். துணி போர்த்திப் பார்க்கவும் அருமை. மூட்டுவைத்த மர உருவங்களை ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகத் துணி மடிப்பு வரையப் பயன்படுத்தினார்கள். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர ஓவியர் ஃப்ரா பார்த்தலோமியோ ஆளுயர மரப் பொம்மையே செய்துவைத்திருந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி 16-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். உடலமைப்பு கற்பதைவிட உடை வரையவே பொருந்தும் சாதனம் இது என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். மெல்லிய பருத்தித் துணியை ஈரமாக்கிச் சுற்றினால் சின்ன அளவிலும் மடிப்பு இயல்பாக விழும். வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள், மரமும் ஸ்பிரிங்கும் ஈரம் தாங்காது.

மாற்று வேண்டுவோருக்கு: பிளாஸ்டிக் மூட்டுப் பொம்மைகளில் முதுகு வளையும், கை விரல்கள் மாற்றலாம், ஆனால் அவற்றின் அளவுகள் ஜப்பானியப் படக்கதைகளான மாங்கா பாணியில் மெலிந்தவை. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில் இருக்கும் முப்பரிமாண உருவத்துக்குத் தலைக்கணக்கையே மாற்றலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் விசைப்பலகையின் எண்பலகையில் உள்ள 3-ஐ அழுத்தினால் தொலைவுச் சுருக்கம் இல்லாத சுத்தமான பக்கவாட்டுக் காட்சி கிடைக்கும். புறக்கோடு மட்டுமே வேண்டும் என்றால் இவை மரப் பொம்மையை எளிதாக வெல்லும். விளக்கை நகர்த்தி நிழலைக் கண்ணால் பார்க்கவும் துணி போர்த்தவும் மரம்தான் மேல்.

வாங்குவதென்றால் 12 அங்குலமே வாங்குங்கள். 8 அங்குலத்தில் வயிற்றுத் துண்டின் இடைவெளி ஆப்பு செருகப் போதாது. வேலை முடிந்ததும் ஆப்பை எடுத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு வையுங்கள். கை தூக்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் முதலில் தளர்வது தோள் ஸ்பிரிங்தான்.